துருவ ஒளி பார்க்கப் போகிறவர்கள் முதலில் மேகத்தைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் டிசம்பர் விடுமுறைக்கு, வட நாடுகளின் ராத்திரி வானத்தில் தெரிகிற வடதுருவ ஒளியைப் பார்க்கப் போகலாம் என்று முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பம் விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டது, அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அரையாண்டுத் தேர்வு லீவுக்குள் மூன்று நாடு, அதில் வடக்கே மூன்று இரவு, போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்கிறது கட்டுரை. கிட்டத்தட்ட அதே திட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும், அவருடைய அக்கா, அதாவது என் மதினியும் ஒரு டிசம்பர் கடைசியில் போய், வானத்தில் ஒரு கீற்றுக்கூடப் பார்க்காமல் தென்காசிக்குத் திரும்பினோம். ஆளுக்கு மூன்றரை லட்சம். மதினிக்கு அது ஓய்வுபெற்றபோது வந்த பணத்திலிருந்து எடுத்தது. அப்புறம் ஒரு வருஷம் உட்கார்ந்து படித்து, நானே திட்டம் போட்டு, அடுத்த மார்ச்சில் என் அண்ணன் மகனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முதல் தடவை எங்கே தப்பு நடந்தது என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது. உங்கள் வாசகர்களுக்கும் அது போய்ச் சேரட்டும்.

முதல் பயணத்தில் ஏழு இரவு. ஆனால் அதில் ஹெல்சின்கி ஒன்று, கோபன்ஹேகன் இரண்டு, ஆஸ்லோ ஒன்று. வடக்கே இருந்தது மூன்றே இரவு, மூன்றும் நார்வேயில் ட்ரோம்சோ என்ற ஊரில். ஆர்க்டிக் வட்டத்துக்கும் 350 கிலோமீட்டர் வடக்கே இருக்கிற ஊர், அருமையான ஊர்தான், மலையும் கடலும் பாலமுமாக. அந்தச் சமயத்தில் அங்கே சூரியனே உதிக்காது. நவம்பர் கடைசியில் மறைந்தால் ஜனவரி நடுவில்தான் திரும்ப முகம் காட்டும். மத்தியானம் இரண்டு மூன்று மணி நேரம் நீல நிறத்தில் ஒரு மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான் பகல். இருட்டுக்குக் குறைவில்லை. ஆனால் மூன்று ராத்திரியும் மேகம் ஊரை மூடியிருந்தது. பேக்கேஜில் சேர்த்திருந்த பெரிய பஸ் நாற்பது நிமிஷ தூரத்தில் ஒரு கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது, பனி கொட்டியது, சூடாக சாக்லேட் பானம் கொடுத்தார்கள், திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாளும் அதே கடற்கரை.

கடைசி நாள் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நாங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் பக்கத்தில் வந்தார். எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்து, வட நார்வேயில் மீன் பதனிடும் ஆலையில் பல வருஷம் வேலை பார்த்தவர். அந்தப் பக்கத்து மீன்பிடி ஊர்களில் அப்படி நிறைய ஈழத் தமிழர்கள் வேலை செய்திருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் இந்த ஒளிக்குக் கீழேதான் வளர்ந்திருக்கிறார்கள். அவர் சொன்னது: "தங்கச்சி, இஞ்ச கரையில மேகம் வந்தால் நாலு நாள் நிக்கும். நிண்ட இடத்தில நிண்டு மேல பாத்துக்கொண்டிருந்தால் சரிவராது. காரை எடுத்துக்கொண்டு ஃபின்லாந்துப் பக்கம் ஓடவேணும்." எங்களுக்கு அன்று சாயங்காலம் ஆஸ்லோவுக்கு விமானம்.

அந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் கிளம்புவதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் பயணமே வேறு மாதிரி இருந்திருக்கும். துருவ ஒளி என்பது தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேலே நடக்கிற விஷயம். சூரியனிலிருந்து வருகிற மின்துகள்களும் பூமியின் காந்தப்புலமும் சேர்ந்து செய்கிற வேலை அது. மேலிருந்து பாய்கிற எலக்ட்ரான்கள் மோதும்போது ஆக்சிஜன் பச்சையாக ஒளிர்கிறது, 200 கிலோமீட்டருக்கு மேலே அதே ஆக்சிஜன் சிவப்பு, அடி ஓரத்தில் நைட்ரஜன் ரோஸ் நிறம். மேகமோ அதற்கெல்லாம் ரொம்பக் கீழே, பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மேலே எவ்வளவு பெரிய கூத்து நடந்தாலும் கீழே மேகம் மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. நாங்கள் அந்தக் கடற்கரையில் நின்ற ராத்திரியில்கூட மேலே நடந்துகொண்டிருந்திருக்கும்.

நம் ஆட்கள் எல்லோரும் போனில் ஒரு செயலியை இறக்கி வைத்துக்கொண்டு கேபி எண் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். 0 முதல் 9 வரை போகிற அந்த எண் பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று சொல்வது. அதை லண்டனில் இருப்பவர் பார்க்கட்டும், அவருக்கு 7, 8 என்று வந்தால்தான் ஏதாவது தெரியும். ட்ரோம்சோ, ஸ்வீடனின் அபிஸ்கோ, ஃபின்லாந்தின் இனாரி போன்ற ஊர்கள், துருவ ஒளி அடிக்கடி தோன்றுகிற, பூமியின் வட காந்தத் துருவத்தைச் சுற்றிய வளையத்துக்கு நேர் கீழே இருப்பவை, அங்கே 1, 2 என்றாலே வானம் தெளிவாக இருந்தால் பார்த்துவிடலாம். எங்கள் குழுவில் ஒருவர் கேபி 2 தான், இன்றைக்கு ஒன்றும் வராது என்று சொல்லி ஓட்டலிலேயே படுத்துவிட்டார். அவர் பார்த்திருக்க வேண்டியது மேக வரைபடம். நார்வே வானிலைத் துறையின் யர் என்ற தளம் மணிக்கு மணி எந்த ஊரில் மேகம் எவ்வளவு என்று இலவசமாகக் காட்டுகிறது. இரண்டாம் தடவை நான் தினமும் அதைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன்.

இன்னொன்று, உங்கள் கட்டுரையிலும் இருந்தது, டூர்க்காரர்கள் விளம்பரத்திலும் இருக்கிறது: சூரியன் உச்சத்தில் இருக்கிறது, இப்போது விட்டால் இன்னும் 11 வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது. சூரியனுக்குச் சுமார் 11 வருஷச் சுழற்சி இருப்பது உண்மை. நம் கொடைக்கானல் ஆய்வகத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியப் புள்ளிகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்களே, அந்தப் புள்ளிகள் கூடுவதும் குறைவதும்தான் அந்தச் சுழற்சி. இந்தத் தடவை உச்ச கட்டத்துக்கு வந்துவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. அதே வருஷம் மே 10, 11 இரவில் அடித்த சூரியப் புயல் 2003க்குப் பிறகு வந்ததில் பெரியது, லடாக்கில் ஹான்லே ஆய்வகத்தின் கேமராவிலேயே வானம் சிவப்பாகப் பதிவானது. அவ்வளவு தெற்கிலிருந்து பார்க்கும்போது அடியில் இருக்கிற பச்சை அடிவானத்துக்குக் கீழே போய்விடும், உச்சியில் இருக்கிற சிவப்பு மட்டும் தெரியும். இதெல்லாம் எனக்குப் பெருமையான விஷயங்கள். சூரியனை ஆராய நம் நாடு அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி எங்கள் பக்கத்து ஊரான செங்கோட்டைக்காரர். 2024 ஜனவரி 6 அன்று அந்தக் கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் போய் நின்றபோது எங்கள் பக்கம் எவ்வளவு சந்தோஷம். ஆனால் சுழற்சி இறங்கிவிட்டால் துருவ ஒளியே வராது என்று சொல்வது தப்பு. வளையத்துக்குக் கீழே இருக்கிற ஊர்களில் சூரியன் அமைதியாக இருக்கிற வருஷங்களிலும் வரும். லண்டனிலும் லடாக்கிலும் தெரிவதுதான் அரிதாகும். அதனால் அவசரப்பட்டுக் கடன் வாங்கிப் போக வேண்டியதில்லை, ஒரு வருஷம் தள்ளிப்போட்டுக் கூட இரண்டு இரவு சேர்த்துக்கொண்டு போனால் அதுதான் நல்ல திட்டம்.

எந்த ஊர் என்பதற்கு வருகிறேன். எங்கள் தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். தென்மேற்குப் பருவமழை ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும், குற்றாலத்தில் சாரல் அடிக்கும், சங்கரன்கோவில் போனால் வெறும் காற்று. மலை மேகத்தைத் தடுத்து வைத்துக்கொள்கிறது. அங்கேயும் அதே கதைதான். அட்லாண்டிக் கடலிலிருந்து வருகிற ஈரம் நார்வே கரையில் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது, மலையைத் தாண்டிய ஸ்வீடன், ஃபின்லாந்துப் பக்கம் காய்ந்து கிடக்கிறது. ஸ்வீடனில் அபிஸ்கோ என்ற சின்ன ஊர் அப்படிப்பட்ட மழைமறைவுப் பகுதி, வருஷத்துக்குச் சுமார் 300 மில்லிமீட்டர்தான் மழையும் பனியும் சேர்த்து. அங்கே டோர்னெட்ரஸ்க் என்று 70 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஏரி இருக்கிறது. சுற்றிலும் மேகம் இருக்கும்போதுகூட அந்த ஏரிக்கு மேலே மட்டும் பல நாள் வானம் திறந்திருக்கும், உள்ளூரில் அதற்கு நீலத் துளை என்றே பெயர். ஸ்டாக்ஹோமிலிருந்து ராத்திரி ரயிலே போகிறது. ட்ரோம்சோதான் வேண்டும் என்றால் சின்ன வேனில் கூட்டிப் போகிறவர்களைப் பிடியுங்கள், அவர்கள் மேகம் எங்கே விலகுகிறது என்று பார்த்துக்கொண்டே தேவைப்பட்டால் இரண்டரை மணி நேரம் ஓட்டி ஃபின்லாந்து எல்லையில் கில்பிஸ்யார்வி வரைக்கும் போவார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துவரச் சொல்வது அதனால்தான். ஆயிரம் குரோனருக்கு மேல் ஆகும், நம் பணத்தில் ஒரு குரோனர் எட்டொன்பது ரூபாய், பெரிய பஸ்ஸைவிட அதிகம்தான். ஆனால் வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். பதிவு செய்வதற்கு முன் எவ்வளவு தூரம் வரைக்கும் போவீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

கடலோரம் சூடு, உள்ளே குளிர் என்பதும் நினைவிருக்கட்டும். ட்ரோம்சோவில் வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் வருவதால் ஜனவரியில்கூட மைனஸ் 4, 5 அளவில்தான் இருக்கும். உள்நாட்டுக்குப் போனால் மைனஸ் 25 சாதாரணம். வானம் தெளிவாக இருக்கிற ராத்திரிதான் அதிகக் குளிர் அடிக்கும்.

இரவுகளை எண்ணுங்கள், நாடுகளை எண்ணாதீர்கள். இதை நான் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று இரவுக்கு ஒரு இரவுதான் வானம் திறக்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று இரவு தங்கினால் மூன்றும் ஏமாற நூற்றுக்கு 30 வாய்ப்பு இருக்கிறது. ஆறு இரவு என்றால் அது 9 ஆகக் குறைந்துவிடும். மேகம் வந்தால் சேர்ந்தாற்போல நிற்கும் என்பதால் நிஜத்தில் மூன்று இரவுக்காரர்கள் நிலை இன்னும் மோசம். அதனால் ஆறு இரவையும் ஒரே ஊரில் போடாமல் மலைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் நான்கு என்று பிரித்தேன். கோபன்ஹேகனை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் போய்விடாது.

எந்த மாதம் என்பதில்தான் நம் பள்ளிக்கூட லீவு குறுக்கே வருகிறது. டிசம்பர் கடைசி வாரம் போகாதீர்கள் என்று நான் சொல்ல மூன்று காரணம் இருக்கிறது. விலை அந்த வாரம்தான் உச்சம். கிறிஸ்துமஸுக்காக 24ஆம் தேதி மதியத்திலிருந்து 26 வரை கடைகள், உணவகங்கள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும், பஸ் குறைந்துவிடும், நாங்கள் இரண்டு வேளை பிஸ்கெட்டிலேயே ஓட்டினோம். அப்புறம் பகல் வெளிச்சமே இல்லாததால் ராத்திரி மேகம் கவிழ்த்துவிட்டால் அந்த நாளில் மனதைத் தேற்றிக்கொள்ள வேறொன்றும் இருக்காது. மார்ச்சில் நல்ல வெயில், பனி நிறைய, நாய் வண்டி ஓடும், ஏரி உறைந்திருக்கும். அதோடு மார்ச், செப்டம்பர் இரண்டிலும் பூமியின் காந்தப்புலமும் சூரியக் காற்றின் காந்தப்புலமும் சுலபமாக இணைகிற கோணம் அமைவதால் துருவ ஒளி கொஞ்சம் அதிகமாகவே வரும், 1973லேயே விஞ்ஞானிகள் இதற்கு விளக்கம் சொல்லிவிட்டார்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு மார்ச் ஆகாது, பரீட்சைக் காலம். ஆனால் காலாண்டுத் தேர்வு லீவு இருக்கிறதே! செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். இதை ஏன் யாரும் சொல்வதில்லை என்று எனக்கு வருத்தம். ஆகஸ்ட் கடைசியிலேயே அங்கே ராத்திரி இருட்ட ஆரம்பித்துவிடும், செப்டம்பர் கடைசியில் ஒன்பது மணிக்கெல்லாம் நல்ல இருட்டு. பனி இல்லை, ஏரி உறையவில்லை, தண்ணீரில் ஒளி பிரதிபலிக்கும். ராத்திரிக் குளிர் நம் ஊட்டி டிசம்பரைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே. ஃபின்லாந்தில் ஹெல்சின்கியிலிருந்து இவாலோவுக்கு ஒன்றரை மணி நேர விமானம், அங்கிருந்து இனாரி ஏரி பக்கம். பனியில் நாய் வண்டி, கண்ணாடிக் குடிசையைச் சுற்றிப் பனி என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், அவர்கள் குளிர்காலத்திலேயே போகட்டும். துருவ ஒளிதான் முக்கியம் என்பவர்களுக்கு அந்த லீவு போதும்.

விசாவுக்கு நீட்டி எழுத வேண்டாம். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கிற ஷெங்கன் விசா, பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீட்டை வெறும் விசாவுக்கான காகிதம் என்று நினைக்காதீர்கள். முதல் பயணத்தில் இரண்டாவது நாள் ஓட்டல் வாசலிலேயே மதினி சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள், நன்றாகக் கவனித்தார்கள், ரசீதுகளை எல்லாம் பத்திரமாக வைத்திருந்ததால் ஊருக்கு வந்தபின் பணமும் கிடைத்தது. ஆனால் அந்த ஊரில் எல்லோரும், எண்பது வயதுப் பாட்டிகள்கூட, ஷூவுக்கு அடியில் இரும்புப் பல் வைத்த ரப்பர் பட்டை மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள் என்பதை நாங்கள் அவர் விழுந்த பிறகுதான் கவனித்தோம். சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. கரையோர ஊர்களில் பனி உருகி உருகித் திரும்ப உறைவதால் ரோடே கண்ணாடிதான். இறங்கிய முதல் மணி நேரத்தில் அதை வாங்கி மாட்டிவிடுங்கள், மற்றது அப்புறம்.

உடுப்பில் ஒன்று மட்டும்: உடம்போடு ஒட்டிப் போடுவது பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு குளிரை ஏற்றும். கம்பளி உள்ளாடை போடுங்கள். ஷூவை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், இறுக்கிப் போட்டால் விரல் மரத்துவிடும். சாப்பாட்டுக்கு அடுப்பு வைத்த வீடு எடுத்தால் போதும், அரிசியும் புளிக்காய்ச்சலும் ஆறு நாள் எங்களைக் காப்பாற்றியது.

கடைசியாகப் படங்களைப் பற்றி. உங்கள் பக்கத்தில் வந்த பச்சை முழுக்கக் கேமரா பல நொடி திறந்திருந்து சேர்த்த வெளிச்சம். இருட்டில் நம் கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது. அபிஸ்கோவில் மூன்றாம் நாள் ராத்திரி உறைந்த ஏரி மேல் நின்றுகொண்டிருந்தோம். வடக்கே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, யாரோ குப்பை எரித்த புகை மாதிரி. அண்ணன் மகன் போனில் மூன்று நொடி வைத்து எடுத்துக் காட்டினான், அதில் பச்சை. "அத்தை, இதுதான், வந்திருச்சு" என்றான். எனக்குத் தொண்டை அடைத்தது, இதற்கா இவ்வளவு தூரம் என்று. நிறையப் பேர் பார்ப்பது இவ்வளவுதான், பார்த்துவிட்டு இதைத் துருவ ஒளி என்றே தெரியாமல் அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் போனை அணைத்துவிட்டுக் கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று நின்றோம். பதினொரு மணி இருக்கும், அந்தப் பட்டை திடீரென்று இறுகி, எழுந்து, கொடியில் காயப்போட்ட ஈரப் புடவையைக் காற்று அடிப்பதுபோல் வானம் முழுக்க அடித்துக்கொண்டது. இப்போது வெறும் கண்ணுக்கே பச்சை. அடியில் ரோஸ் கரை ஓடியது, நிஜமாகவே கரைதான், அது இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடி முடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. ஆறேழு நிமிஷம் இருக்கலாம். ஃபின்லாந்துக்காரர்கள் இதற்கு நரித்தீ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நரி ஓடும்போது வாலால் பனியை வானத்துக்கு வாரி அடிக்கிறதாம். நான் அழுதேன். உடனே மதினிக்கு வீடியோவில் கூப்பிட்டேன், ஊரில் அப்போது அதிகாலை மூன்றரை, முதல் மணியிலேயே எடுத்தார். அவருக்குத் திரையில் வெறும் கறுப்புதான் தெரிந்திருக்கிறது. அதற்குள் குளிரில் போன் செத்துவிட்டது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது இரண்டுதான். துருவ ஒளிப் படம் போடும்போது எத்தனை நொடி வைத்து எடுத்தது என்று ஒரு வரி சேருங்கள். பயணத் திட்டம் போடும்போது வடக்கே எத்தனை இரவு, மேகம் இருந்தால் எங்கே போவது என்ற இரண்டையும் எழுதாத கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் பத்திரிகையை நம்பி ஓய்வூதியப் பணத்தை எடுக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறார்கள்.

மதினிக்கு இப்போது 68. மணிக்கட்டு சேர்ந்துவிட்டது, ஆனால் இனி ஐஸ் மேல் கால் வைக்க மாட்டேன் என்கிறார். அதனால் வருகிற காலாண்டு லீவில் பேத்தியையும் கூட்டிக்கொண்டு இனாரிக்குப் போகிறோம், ஐஸ் இல்லாத செப்டம்பரில், ஏழு இரவும் வடக்கிலேயே. சமையலறைக் காலண்டரில் அந்த ஏழு கட்டத்தையும் மதினி ஏற்கெனவே வட்டம் போட்டுவிட்டார்.

அன்புடன்,
ஒரு வாசகி,
தென்காசி